திறப்பு இல்லாத முறைப்பாட்டுப் பெட்டி

2006 ஓகஸ்ட் 16, புதன்

பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டேன். மத்தியானம் வாய் நிறையப் பஞ்சோடு தொழிற்சாலைக்குப் போனால் எல்லோரும் கைகொடுக்கிறார்கள். பல் பிடுங்கியதற்கு வாழ்த்தா? பிறகுதான் தெரிந்தது. நான் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டம் வைத்து, வராத ஒரே ஆளான என்னை ஒரு குழுவுக்குத் தலைவராக்கியிருக்கிறார்கள்.

நாங்கள் தைக்கும் சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கொம்பனி கடிதம் அனுப்பியிருக்கிறது: ‘பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பதில் நிறுவனங்களின் பங்கு.’ பதினாறு பக்கம்.

முதலாளி ஹுஸைன் அழைத்துச் சொன்னார்: “மிஸ்டர் பாலேந்திரன், நம்மட பெக்டரியில இருநூறு பொம்புளப் புள்ளைகள் இரிக்கி. அதுகள்ட பாதுகாப்புக்கு ஒரு குழு வேணுமாம். நீங்கதான் வயசான, மரியாதையான ஆள். ஆக்கள்ட வேலைப் பதிவெல்லாம் பாக்கிறதும் நீங்கதானே. சம்மதந்தானே?”

பஞ்சு வாயோடு “ம்ம்” என்றேன். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்பதுதான் அந்த ‘ம்ம்’. சம்மதம் என்று பதிவாகிவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் மனைவி மங்களேஸ்வரிக்குச் சொன்னேன். “பொம்பிளையளின்ர பாதுகாப்புக்கு நீங்களோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கரப்பான் பூச்சிக்குப் பயந்து நான் கதிரையில் ஏறி நின்றதை இன்னும் மறக்கவில்லை போலும். சிரித்த சிரிப்பில் கஞ்சிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

ஓகஸ்ட் 18, வெள்ளி

குழுவின் முதல் கூட்டம். ஆட்கள்: நான், மூன்றாம் தையல் லைன் சூப்பர்வைசர் ராஜலிங்கம், வாசல் காவலாளி. காவலாளி இரண்டாம் நிமிடமே தூங்கிவிட்டார். ராஜலிங்கம் அரை மணி நேரம் பெண்மையைப் பற்றிப் பேசினான். தாய், தங்கை, தெய்வம் – எனக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்டிக்காரன். அவன் லைன் தைக்கிற வேகத்தில் வேறு எந்த லைனும் தைப்பதில்லை. மத்தியானத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசை.

வீட்டில் மங்களம் கேட்டாள்: “குழுவில பொம்பிளையள் எத்தினை பேர்?”

“அவைக்குத் தையல் வேலை இருக்கு. கூட்டத்துக்கு எங்க நேரம்?”

என்னைப் பார்த்தாள். பிறகு குழம்புச் சட்டியைப் பார்த்தாள். இதில் என்ன பிழை?

ஓகஸ்ட் 25, வெள்ளி

பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் முறைப்பாட்டுப் பெட்டி வந்துவிட்டது. பலா மரம். அந்தத் தச்சன் இதுவரை கோயில் உண்டியல்தான் செய்தவனாம். ஆகவே அதுவும் உண்டியல் போலவே இருக்கிறது. காலையில் யாரோ அதன் மேல் ஒரு செவ்வரத்தம்பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பூட்டின் திறப்பை நான் வைத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. ராஜலிங்கம் தடுத்துவிட்டான். “அண்ணே, நீங்க கண்ணாடிய தலையில வச்சுக்கிட்டே தேடுற ஆளு. திறப்பு என்கிட்ட இருக்கட்டும். பெட்டியும் என் மேசைக்கு முன்னாலயே இருந்தா பத்திரம்.”

எவ்வளவு பொறுப்பு! எல்லாரும் இவனைப் போல இருந்தால் குழுவே தேவையில்லை.

ஓகஸ்ட் 31, வியாழன்

சுவரொட்டி நாற்பது அச்சடித்தோம். சிங்களத்தில் சரி. தமிழில் நான் எழுதிக் கொடுத்தது: ‘பெண்களைத் தொந்தரவு செய்யாதீர்.’ வந்திருப்பது: ‘பெண்களைத் தொந்தரவு செய்தீர்.’

‘யா’வைக் காணவில்லை! அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன். “ஒரே ஒரு எழுத்துத்தானே, மாத்தயா” என்கிறான் அச்சகத்துச் சிங்களப் பையன். ஒரு எழுத்தா? நாங்கள் ஆரம்பித்திருப்பது வன்முறைத் தடுப்பா, வன்முறைக்கு நற்சான்றிதழா?

நான் கண்டுபிடிப்பதற்குள் பாதியை ஒட்டிவிட்டார்கள். ஒன்று சரியாக ராஜலிங்கத்தின் கதிரைக்கு மேலே. கிழிக்கப் போனேன். மூன்றாம் லைனில் தைக்கிற வேலாயி தடுத்தாள். தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, கொஞ்சம் வாயாடி.

“விடுங்க சார். அந்த இடத்துல மட்டும் சரியாத்தான் போட்டிருக்கு.”

மெஷின்களுக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. தமிழ் ஒழுங்காகப் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் என்று மனம் இரங்கினேன்.

செப்டெம்பர் 15, வெள்ளி

பெட்டி திறந்த நாள். முறைப்பாடு: பூச்சியம். வெளிநாட்டுக்கு அறிக்கை அனுப்பினேன். முதலாளி முதுகில் தட்டினார்.

யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுபடவில்லை. சண்டையால் பாதை மூடி ஒரு மாதம், சாமான் போவதில்லை. அங்கே இருக்கிற தங்கச்சி என்ன சமைக்கிறாளோ.

செப்டெம்பர் 29, வெள்ளி

மறுபடியும் பூச்சியம். ராஜலிங்கம் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினான். ஒரு பல்லி விழுந்தது.

மூன்றாம் லைனில் இந்த மாதம் இரண்டு பிள்ளைகள் வேலையை விட்டிருக்கிறார்கள். காரணம்: சுகமில்லை. பதிவேட்டில் எழுதினேன். மழைக்காலம், காய்ச்சல் கூடத்தானே.

ஒக்டோபர் 3, செவ்வாய்

இன்று ரபீகா விலகல் கடிதம் தந்தாள். அவளும் மூன்றாம் லைன். அவளுக்கும் சுகமில்லையாம். “என்ன வருத்தம் பிள்ளை?” என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நோன்பு நேரம்தானே, உடம்புக்கு ஏலா சேர்.” நோன்புதான் காரணம் என்று எழுதினேன்.

அதல்ல இன்றைய விஷயம். மூன்றாம் முறையும் பூச்சியம் என்று எழுதினால் வெள்ளைக்காரன் சந்தேகப்படுவானே என்று எனக்கு ஒரு பயம். வேலாயியைத் தேநீர் இடைவேளையில் கூப்பிட்டேன்.

“பிள்ளை, ஒரு உதவி. ஏதாவது ஒரு சின்ன முறைப்பாடு எழுதிப் பெட்டியில போடும். பெட்டி வெறுமையா இருந்தால் பார்க்க நல்லாயில்லை.”

முதலில் சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“சார், நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா? பெட்டி அவரு மேசைக்கு முன்னாடி இருக்கு. திறப்பு அவரு இடுப்புல தொங்குது. அவரப் பத்தி எழுதி அவரு கையிலயே குடுக்கச் சொல்றீங்களா?”

“எவர்?”

சொன்னாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

நம்பவில்லை. நம்பவில்லை என்று எழுதுகிறேன், ஆனால் பேனை ஓடவில்லை. மத்தியானமும் அவனோடுதானே சாப்பிட்டேன். என் தட்டில் தன் பொரித்த மீனைப் பிய்த்து வைத்தானே.

ஒக்டோபர் 4, புதன்

பெட்டியைப் பெண்கள் கழிப்பறைக்குள் மாற்றிவிட்டேன். புது ஆமைப்பூட்டு. திறப்பு முதலாளியின் திறப்புக் கோர்வையில். “அண்ணே, என்ன இது, நம்பிக்கை இல்லையா?” என்று ராஜலிங்கம் கேட்டான். “மேலிடத்து உத்தரவு” என்றேன். மேலிடம் நான்தான் என்பதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பெட்டி சுவரில் நேராக இருக்கிறதா என்று என்னால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. வேலாயி உள்ளே மாட்ட, நான் வெளியே நின்று கத்தினேன்: “கொஞ்சம் வலது பக்கம்! இன்னும் கொஞ்சம்!” உள்ளே வேறு யாரோ இருந்திருக்கிறார்கள். “யாரு சார் அது, என்ன சொல்றீங்க?” என்று ஒரு அலறல். பெண்கள் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஓடி ஒளிந்தார்.

ஒக்டோபர் 13, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பெட்டி நிரம்பிவிட்டது என்று வேலாயி சொன்னாள். துவாரத்தால் கடிதங்கள் எட்டிப் பார்க்கின்றனவாம். முதலாளி கொழும்பில், திறப்பு அவரோடு. ராஜலிங்கம் இரண்டு முறை என் அறைக்கு வந்து “பெட்டிய எப்ப திறப்பீங்க அண்ணே?” என்று கேட்டான். இரண்டாம் முறை சிரிக்கவில்லை. ஆகவே வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றுவித்து, பழைய சீலையால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸில் ஏறினேன்.

தென்னக்கும்புரப் பாலத்தடியில் இராணுவச் சோதனை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்: யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழன். மடியில்: பூட்டிய மரப்பெட்டி. திறப்பு: இல்லை.

“என்ன இது?” என்றான் சிப்பாய்.

“பெட்டி.”

“உள்ளே?”

“முறைப்பாடுகள்.”

“திற.”

“திறப்பு முதலாளியிடம்.”

“முதலாளி?”

“கொழும்பில்.”

பயம் வந்தால் என் சிங்களம் கட்டெறும்பு வரிசை மாதிரி கலைந்துவிடும். ‘முறைப்பாடு’ என்று நினைத்து வேறு எதையோ சொல்லியிருக்கிறேன் போல. குண்டு என்று நினைத்துப் பஸ் தானாகக் காலியானது. யன்னலாலும் குதித்தார்கள். ஒரு மனிதர் தன் கோழியை விட்டுவிட்டு ஓடினார். பெட்டியை வீதி நடுவில் வைத்து எல்லோரையும் தூரத்தில் நிறுத்தினார்கள். என்னை மட்டும் இடையில். கையைத் தூக்கியபடி நான், எதிரே பெட்டி, பஸ்ஸுக்குள் கோழி.

கடைசியில் ஒருவர் வந்து இரும்புக் கம்பியால் பூட்டை உடைத்தார். கடிதங்கள் பொலபொலவென்று தார் வீதியில் கொட்டின.

பெண் பயணிகளைச் சோதிக்க நின்ற ஒரு பொலிஸ்காரி அவற்றைப் பொறுக்கினாள். உண்மையில் கடிதங்கள்தானா என்று உரக்க வாசிக்கச் சொன்னார் அதிகாரி. முதல் கடிதம்: கன்டீன் பருப்பில் முகம் பார்க்கலாம். இரண்டாவது: கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருடம். மூன்றாவது: வேலைப் பதிவு பார்க்கிற ஐயா கூட்டத்தில் பேசினால் மதியச் சோறு பசித்துவிடுகிறது, அவர் மீசையில் மூன்று நாளாக ஒரு கடுகு ஒட்டியிருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் சிரித்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

நான்காவது கடிதத்தை உரக்கத் தொடங்கியவள் நடுவில் நிறுத்திவிட்டாள். மனதுக்குள் வாசித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை. தமிழில் இருந்தவற்றை என்னிடம் நீட்டினாள்.

எல்லாம் ஒரே ஆள். மெஷினுக்குப் பின்னால் வந்து நிற்பது. தையலைக் காட்டுவதாகச் சொல்லிக் கை போடுவது. தள்ளிவிட்டால் தைத்த கட்டு முழுவதையும் ‘பிழை’ என்று திருப்பி எறிவது. துணி அறைக்கு வரச் சொல்வது. ஒரு கடிதத்தில் ஒரே ஒரு வரி: ‘ரபீகா ஏன் போனாள்னு கேட்டீங்களா?’

ஒன்பது கடிதம்.

“இந்த ராஜலிங்கம் இன்னும் அங்கே வேலை செய்கிறாரா?” என்று பொலிஸ்காரி கேட்டாள்.

“ஓம்.”

“நீங்கள் அங்கே யார்?”

“பெண்கள் பாதுகாப்புக் குழுவின் தலைவர்.”

அவள் சிரிக்கவில்லை. கடிதங்களை மடிப்புக் கலையாமல் அடுக்கி, பெட்டியில் வைத்து, ஒரு கயிற்றால் கட்டித் தந்தாள். பஸ் கிளம்பியது. கோழிக்காரர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தார். முன் இருக்கை அம்மா திரும்பி, “எந்தக் கார்மெண்ட்? மகளை வேலைக்கு விடலாமென்று இருந்தேன்” என்று கேட்டார். நான் பெட்டிக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

ஒக்டோபர் 14, சனி

“ஏன் ஒருத்தரும் என்னட்ட வந்து சொல்லேல்லை? நான் என்ன புலியோ கரடியோ?” என்று மங்களத்திடம் கத்தினேன்.

“சொன்னால் என்ன செய்திருப்பியள்? அவனைக் கூப்பிட்டு, ‘தம்பி, இப்பிடி ஒரு கதை அடிபடுது’ எண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டிருப்பியள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டிருக்கும்?”

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“நான் கலியாணத்துக்கு முந்தி தட்டெழுத்து வேலையை விட்டனான் எல்லோ. ஏன் விட்டனான் எண்டு நினைக்கிறியள்?”

“வீட்டைப் பாக்க.”

இருபத்துநாலு வருடமாக ஊரெல்லாம் அப்படித்தான் பெருமையடித்திருக்கிறேன். என் மனைவி உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவள் என்று.

“கந்தோரில ஒருத்தன் இருந்தவன். பெரியவரிட்டப் போய்ச் சொன்னனான். ‘நான் அவனோட கதைக்கிறன் பிள்ளை’ எண்டார். கதைச்சவர்தான். அடுத்த கிழமையே நான் விட்டிட்டன்.” கத்தியை வைத்தாள். “பெரியவரும் உங்களை மாதிரி நல்ல மனுசன்தான்.”

வெங்காயம் அவள்தான் உரித்தாள். கண் எனக்குத்தான் எரிந்தது.

ஒக்டோபர் 16, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். நோன்புக் களைப்பு. கண்ணை மூடிக் கேட்டார்.

“வெளிநாட்டு ஓடர் இருபத்தேழாந் தேதி போகணும், மிஸ்டர் பாலேந்திரன். மூணாம் லைன் நிண்டா எல்லாம் நிண்டுரும். பெருநாளும் முடியட்டும், ஓடரும் போகட்டும். பொறகு பாப்பமே.”

“சரி சேர்” என்று வந்துவிட்டேன்.

சரி சேர்! இந்த வாயில் இன்னும் ஒரு பல்லைப் பிடுங்கலாம்.

ஒக்டோபர் 17, செவ்வாய்

வெளிநாட்டுக்கு அடுத்த அறிக்கை. ‘முறைப்பாடுகளின் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் ஒன்பது என்று எழுதினேன். பருப்பு, தாழ்ப்பாள், மீசை எல்லாம் தனிக் கட்டம். முதலாளிக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது: ‘திருத்தவும்.’ புதுத் தாளில் எழுதினேன்: ஒன்பது. திரும்பி வந்தது. மறுபடியும் எழுதினேன். மூன்றாம் முறை ‘ஒன்பது’ என்று எழுத்திலும் எழுதினேன், எண் விளங்கவில்லையோ என்று.

அவரே வந்துவிட்டார். “பூச்சியம் போடுங்க.”

“ஏலாது சேர்.”

இதை நான்தான் சொன்னேனா? மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்களே ஒருக்கா வாசியுங்கோ. வாசிச்ச பிறகு உங்கட கையாலயே பூச்சியம் எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்.”

கயிறு கட்டிய பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அறைக் கதவு சாத்தியது சாத்தியதுதான். எனக்கு வேலை போய்விட்டது என்று மேசைக்கு மேலே தொங்கிய சாமி படத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

நோன்பு திறக்கிற நேரம் கூப்பிட்டார். முன்னால் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர். கடிதங்கள் வரிசையாக விரித்துக் கிடந்தன.

“எத்தின மாசமா நடக்குது?”

“வேலாயி சொல்ற கணக்கில ஒண்டரை வருஷம்.”

“நான் ஒவ்வொரு நாளும் அந்த லைனால நடந்து போறன், மிஸ்டர் பாலேந்திரன். எல்லாப் புள்ளையும் தலைய குனிஞ்சு தைக்குதுகள். எவ்வளவு ஒழுக்கமான லைன் எண்டு நெனச்சன்.” தண்ணீரைக் குடித்தார். “நாளைக்கு விசாரணை. அவன் லைனுக்கு வரக்கூடாது. ஓடர் பிந்தினா பிந்தட்டும்.”

சாமி படத்தைத் திரும்ப மாட்டினேன். தலைகீழாக மாட்டியிருந்தது வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைவுக்கு வந்தது.

ஒக்டோபர் 18, புதன்

விசாரணை. வேலாயி, ரபீகா, இன்னும் ஒரு பிள்ளை. ரபீகாவை வீட்டுக்குப் போய் அழைத்தேன். போகும் முன் மங்களம் மூன்று முறை சொல்லி அனுப்பினாள்: “அங்க போய்ப் பிரசங்கம் வைக்காதேங்கோ.” வைக்கவில்லை. “நான் கேக்காமல் விட்டது பிழை, பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். அவள் உம்மா கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார்.

ராஜலிங்கம் என் பக்கம் திரும்பினான். “எல்லாம் விளையாட்டுக்குத்தானே. நீங்க சொல்லுங்கண்ணே, நான் எப்படிப்பட்ட ஆளுன்னு.”

“எனக்குத் தெரியாது” என்றேன். அதுதான் உண்மை.

வேலாயி எழுந்தாள். “வெளையாட்டுன்னா எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கணுமே சார். வரலையே.” பிறகு நாள், நேரம், இடம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் நடுவில் கத்தினான். முதலாளி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். ரபீகா மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் கடைசிவரை பேசினாள்.

பின்னேரம் அவன் வாசலைத் தாண்டிப் போனான். காவலாளி விழித்திருந்தார்.

ஒக்டோபர் 20, வெள்ளி

ரபீகா பொலிஸில் முறைப்பாடு எழுதினாள். கூடப் போனேன். வெளியே மர வாங்கில் இருந்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

ஓடர் மூன்று நாள் பிந்திப் போனது. கப்பல் நின்று வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறது. மூன்றாம் லைனை இப்போது வேலாயி பார்க்கிறாள். லைனில் பேச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. முதலில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போனேன். போய்விட்டு, சொல்லாமல் திரும்பினேன்.

குழு மாறிவிட்டது. ஐந்து பெண்கள், ஆணாக நான் மட்டும். தலைவி, வேலைக்குத் திரும்பி வந்த ரபீகா. எனக்குக் குறிப்பெடுக்கிற வேலை. “சேர், நீங்க பேச ரெண்டு நிமிஷம்” என்று மணிக்கூட்டை முன்னால் வைக்கிறாள். தாழ்ப்பாள் திருத்தியாயிற்று. பருப்பு இன்னும் விவாதத்தில்.

நவம்பர் 21, செவ்வாய்

காலையில் கம்பளையிலிருந்து ஒரு தொலைபேசி. பத்மாதேவி என்று ஒரு அம்மா. முப்பது பிள்ளைகளை வைத்துச் சிறிதாகச் சட்டை தைக்கிற இடமாம்.

“உங்களிட்ட வேலை செய்த ராஜலிங்கம் எண்டவரைப் பற்றிக் கேக்கலாமெண்டு எடுத்தனான். ஆள் எப்படி?”

ஒருவன் போகிற இடத்தில் அவன் சோற்றில் மண் போடக்கூடாது என்று இத்தனை வருடமும் யார் கேட்டாலும் ‘நல்ல பிள்ளை’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது வாய் நுனிவரை வந்தது. எதிரே முதலாளி ஏதோ தாள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் “ராஜலிங்கம்...” என்று இழுத்தது காதில் விழுந்ததும், தலை நிமிராமல், “சொல்லுங்க” என்றார்.

“தையலில கெட்டிக்காரன்” என்றேன். “ஆனால் பொம்பிளைப் பிள்ளையள் வேலை செய்யிற இடத்தில வைக்கக் கூடாது.”

“ஏன்?”

சொன்னேன். பெயர்கள் இல்லாமல் நடந்ததை மட்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடித்தேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றேன்.

“இருக்கிறன்” என்றார் மெதுவாக. “அவர் எனக்கு முன்னாலதான் இருக்கிறார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொலைபேசிக்குள்ளால் அவன் என்னைப் பார்ப்பது போல ஒரு அடி பின்வாங்கினேன். குப்பைக் கூடைக்குள் கால் போய்விட்டது.

“கொஞ்சம் பொறுங்கோ.” மேசையில் வைக்கிற சத்தம். பிறகு தூரத்தில் அவர் குரல்: “தம்பி, நீங்கள் போகலாம். இஞ்ச வேலை இல்லை.” ஒரு கதிரை கிறீச்சிட்டது. கதவு சாத்தப்பட்டது. மெஷின்கள் ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தார். “ஐயா, நேரம் இருந்தால் ஒரு விஷயம். உங்கட இடத்தில பிள்ளையளின்ர பாதுகாப்புக்கு என்னென்ன செய்தனீங்கள் எண்டு எனக்கும் சொல்லுவியளோ? நான் எழுதிக்கொள்ளுறன்.”

காலைக் கூடையிலிருந்து எடுத்து, கதிரையில் உட்கார்ந்தேன். என்னென்ன பிழை விட்டேன் என்பதிலிருந்து தொடங்கினேன்.